வெள்ளிக்கிழமைப் பக்கத்துப் புள்ளடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டாள். சென்னையிலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்த பிள்ளை. நான் எட்டு வருடம் வேலை செய்த ஆவணக் காப்பகத்தில், நான் விட்டுவிட்டு வந்த மேசையில், இப்போது பகுதி நேரமாக இருக்கிறாள்.

"அண்ணா, ஒரு சின்ன டவுட். மினிஸ்டர் டயரிக்கு லிஸ்ட் நீங்கதானே எழுதுனீங்க?"

"ஓம், நான்தான்."

"நாலாவது வால்யூம்ல ஒரு வெள்ளிக்கிழமை பக்கம். ஓரத்துல பென்சில்ல ஒரு குறி இருக்கு, அது மேல கோடு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா கோடு இருக்குண்ணா. நல்லாவே தெரியுது."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்க கவனிக்காம விட்டிருக்கலாம்ல? புது மேடம் கேக்குறாங்க. உங்க தப்புன்னா திருத்திட்டுப் போயிடலாம். இல்லைன்னா அப்புறமா யாரோ அந்தப் பக்கத்துல கை வச்சிருக்காங்கன்னு ஆகும். அது பெரிய பிரச்சினைண்ணா."

"எழுதித் தாறன்," என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

வேலைக்கால நினைவுகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்துநான்கு வயது. பழைய தாளில் வளரும் பூஞ்சணம் என் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, இனி ஒரு பெட்டியும் திறக்காதே என்று வைத்தியர் சொன்னார். தலைமயிர் நரைக்க முதலே ஓய்வு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் மேசையில் இருந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். மேசையில் இருந்தே நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்ட முதல் ஆளும் நான்தான். துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் இத்தனை வருடம் நின்ற அண்ணைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கு அலுப்பதே இல்லை.

மன்னார்க் கரையில் அப்பா மீன் பிடித்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணை ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறியவர். நான் பதினேழு வயதில் அண்ணையோடு இங்கே வந்து, பிரெஞ்சு படித்து, பிறகு கல்லூரியில் ஆவணப் பராமரிப்பு படித்தேன். ஆயிரம் படிப்பு இருக்க உனக்கு ஏன் இந்தப் படிப்பு என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் எங்கள் அகதி விசாரணை. அண்ணையையும் என்னையும் தனித்தனியே கூப்பிட்டு, நீங்கள் வந்த வள்ளத்தின் நிறம் என்ன என்று கேட்டார்கள். நான் நீலம் என்றேன். அண்ணை பச்சை என்றார். வள்ளம் வெளியே பச்சை, உள்ளே நீலம். நான் உள்ளே குனிந்து கிடந்தேன், அண்ணை தண்ணீரில் நின்று தள்ளினார். அதிகாரி தன் தாளில் ஏதோ குறித்தார். திருப்பி அனுப்பப் போவதாகக் கடிதம் வந்தது. அடியில் ஒரு கையெழுத்து, வாசிக்க முடியாதது. அந்தக் கடிதத்தைச் செல்லாததாக்க இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும், ஒரு தாளில் எழுதியதை எதை வைத்து நம்புகிறார்கள், எதை வைத்து நம்பாமல் விடுகிறார்கள் என்ற ஒரே கேள்விதான் எனக்குள் இருந்தது.

காப்பகத்தில் எனக்கு மேலே இருந்தவர் மதாம் லஷான்ஸ். உயரமானவர், மெலிந்தவர். காலையில் வந்ததும் பொன்ஜூர் சொல்லிக்கொண்டே எங்கள் கைகளை மணந்து பார்ப்பார். கோப்பி மணந்தால் திரும்பப் போய்க் கழுவ வேண்டும். கையுறை போட விடமாட்டார், கையுறை விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது என்பார். பேனைக்கு அறைக்குள் அனுமதி இல்லை. பென்சில்களைப் புதிதாக வாங்கி, ஒவ்வொன்றின் பின்பக்கத்து அழிறப்பரையும் குறட்டால் பிடுங்கி எறிந்த பிறகுதான் தருவார். வாசகர்களின் மேசையில் இருந்த பென்சில்களும் அப்படித்தான்.

"பிழை விட்டால் கோடு போடு," என்பார். "அழிக்கிறவன் இரண்டு தடவை பொய் சொல்கிறான்."

அவருடைய இன்னொரு முறை கொப்பி. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு கொப்பி தருவார். இடப்பக்கத்தில் பார்த்தது, வலப்பக்கத்தில் நினைத்தது. பட்டியலுக்குள் இடப்பக்கம் மட்டும்தான் போகும். வலப்பக்கம் வெளியே போகாதபடி, வேலை முடிந்ததும் கொப்பியையே வாங்கிக்கொள்வார். அவற்றை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டபோது, "நீ நினைத்தது யாருக்கு வேண்டும், மெசியே சூசை?" என்றார்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம் அந்த நாட்குறிப்புகள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் வெளிவிவகார அமைச்சராக இருந்தவர் எழுதியவை. நாட்டின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். ஆட்சி மாறியபோது மொன்றியலுக்கு வந்து, இங்கேயே காலமானார். அவருடைய மகள் மதாம் இரேன், பியர்பொன்ட்ஸில் ஒரு பங்களாவின் நிலவறையில் பதினொரு கொப்பிகளையும் இத்தனை வருடம் வைத்திருந்தார். பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பெட்டியை எடுக்க இரண்டு பஸ் மாறி நான் போனபோது, வாசலில் நின்றே கேட்டார்: "நீங்கள் கவனமானவரா?"

"கவனம்தான் என் தொழில், மதாம்."

"என் அப்பாவின் தொழிலும் அதுதான்," என்றார்.

போருக்குப் பிந்திய உலகத்தைப் பெரியவர்கள் எப்படிப் பங்கு போட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். நாட்குறிப்பில் அது வேறு மாதிரி இருந்தது. அமைச்சர் பாதி நாளைத் தாழ்வாரங்களில் காத்திருந்து கழித்திருக்கிறார். எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், எந்தக் கதிரை தந்தார்கள், பக்கத்து நாட்டுக்காரனுக்குத் தந்த கதிரைக்குக் கை இருந்ததா, எல்லாம் எழுதியிருக்கிறார். பெரிய நாட்டுத் தூதுவர் கோப்பிக்கு இரண்டாம் முறை சீனி போட்டால் அன்று பேச்சு நீளும் என்று ஒரு குறிப்பு. எல்லைக் கோட்டைப் பற்றிப் பேச வந்தவர்கள் சூப்புக் கோப்பையை நகர்த்திவிட்டு வரைபடத்தை விரித்தார்கள், சூப்புக் கறை பட்ட இடத்தில் இரண்டு கிராமங்கள் இருந்தன என்று இன்னொன்று. நான் அதையெல்லாம் ரசித்தேன். ரசித்துக்கொண்டே சந்தேகப்பட்டேன். ஏனென்றால் எந்த அறையிலும் அமைச்சர்தான் கடைசியாகச் சரியான வார்த்தை சொன்னவராக இருந்தார். பதினொரு கொப்பியிலும் ஒரு மனிதன் ஒருநாள்கூட வாயடைத்து நிற்கவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. விசாரணையில் நானே வாயடைத்து நின்றவன்.

ஓரங்களில் இடையிடையே பென்சிலால் சிறு குறிகள் இருந்தன. இரண்டு கோடு குறுக்கே கீறின குறி, வாக்குச் சீட்டில் போடுவோமே, எங்கள் பக்கத்தில் புள்ளடி என்போம். அநேகமானவற்றின் மேல் நீட்டாக இன்னொரு கோடும் இருந்தது. யாரோ அச்சிடப் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் போட்ட அடையாளம் என்றார் மதாம் லஷான்ஸ். நானும் அப்படியே எழுதி வைத்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அவர் நாட்டு மக்கள் சிலர் போரில் எல்லை தாண்டி ஓடி, முகாம் ஒன்றில் இருந்தார்கள். அவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிப் பெரிய நாடு ஒன்று நெருக்கியது. பெயர்ப்பட்டியல் தயாராக இருந்தது, அதன் அடியில் அமைச்சரின் கையெழுத்துத்தான் பாக்கி. கடைசியில் ஒப்படைத்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த ஒருவருடைய மகள், இப்போது கிழவி, மொன்றியலிலேயே செயின்ட்-மிஷேலில் இருந்தார். வருடத்துக்கு ஒரு கடிதம் மதாம் இரேனுக்கு எழுதுவார். கடிதத்தில் ஒரே கேள்வி: உங்கள் அப்பா கையெழுத்து வைத்தாரா?

மதாம் இரேன் நாட்குறிப்பைக் காப்பகத்துக்குக் கொடுத்ததே இதற்காகத்தான். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அமைச்சர் தெளிவாக எழுதியிருந்தார்: "நான் கையெழுத்து வைக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்." காப்பக முத்திரையோடு அந்தப் பக்கத்தின் பிரதியைக் கிழவிக்கு அனுப்பி, கேள்வியை முடித்துவிட வேண்டும். மதாம் இரேன் அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். தான் இருக்கும்போதே முடிய வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை வாசித்தேன். ஐந்தாம் தடவைதான் கண்ணில் பட்டது. அடியில், அன்றைய விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்ற வரி. "வாட்டிய ஆட்டிறைச்சி, நன்றாக இருந்தது."

வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி!

இவர் கத்தோலிக்கர். சும்மா கத்தோலிக்கர் இல்லை, பூசை தவறாதவர். மற்ற வெள்ளிக்கிழமைகளில் மீன், முட்டை, சீஸ் என்றே இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி தொடமாட்டோம். அப்பாவின் வலையில் ஆடு விழுந்தாலும் அன்றைக்கு அது சட்டிக்குள் வராது. அந்தக் காலத்துக் கத்தோலிக்கன் வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றுவிட்டு நன்றாக இருந்தது என்று எழுதுவானா? அப்படியென்றால் இது அன்றைக்கு எழுதியதில்லை. திருச்சபைச் சட்டம் தளர்ந்த பிறகு, வருடங்கள் கழித்து, மொன்றியலில் இருந்து எழுதியது. கிழமையை மறந்து கறியைப் போட்டுவிட்டார். பிடித்துவிட்டேன்!

அண்ணையிடம் சொன்னேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் சமையலறையில், வேலையால் வந்து, நீலச் சாயம் பிடித்த நகங்களோடு சோறு குழைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டிறைச்சியில ஆளைப் பிடிச்சிட்டியோ? வடிவாப் படிச்சிருக்கிறாய் நீ," என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வைச்சானே, அவனும் வீட்டை போய் டயறி எழுதியிருப்பான் என்ன?"

"எழுதியிருக்கலாம்."

"அதில என்ன எழுதியிருப்பான்?"

நான் அவருடைய கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த நாள் நான் விட்ட பிழையை இங்கே எழுதத்தான் வேண்டும். மதாம் லஷான்ஸுக்குச் சொல்ல முதல், மதாம் இரேனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "உங்கள் அப்பா வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுவாரா?" என்று கேட்டேன்.

"ஏன்?"

சொன்னேன். 

"என் அப்பா பொய் எழுதினார் என்கிறீர்கள். ஒரு துண்டு இறைச்சியை வைத்து."

"அப்படிச் சொல்லவில்லை, மதாம்..."

"அப்படித்தான் சொல்கிறீர்கள்," என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் மதாம் லஷான்ஸ் என் மேசைக்கு வந்தார். கொப்பியை வாங்கி விரித்தார். வலப்பக்கம் அடிவரை எழுத்து. இடப்பக்கத்தில் ஒரு வரி.

"வலப்பக்கம் வழிகிறது, மெசியே சூசை. இடப்பக்கத்தில் ஓர் ஆடு மட்டும் நிற்கிறது." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "மை வேறா?"

"இல்லை. முன்பின் பக்கங்களின் மைதான்."

"தாள் வெட்டி ஒட்டியதா?"

"இல்லை. தையல் அப்படியே இருக்கிறது."

"அப்படியானால் உன்னிடம் என்ன இருக்கிறது?"

"வெள்ளிக்கிழமை இருக்கிறது," என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வர இருந்தது. அது வராது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமியைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் குருவாக இருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் எல்லாம் இங்கே வந்ததால் தானும் வந்துவிட்டேன் என்று பகிடி விடுகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உன்ரை மன்னார்ச் சுத்தபோசனத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு போட்டியே தம்பி? சண்டை நடந்த காலமும் அதுக்குப் பிறகு கொஞ்ச வருசமும் அங்கை கன நாடுகளில விலக்குக் குடுத்திருந்தவை. சனம் சாப்பாடில்லாமல் கிடக்கேக்கை மீனுக்கு எங்கை போறது? கிடைச்சதைத் தின் எண்டுதான் சொன்னது. உன்ரை மந்திரி ஒரு பாவமும் செய்யேல்லை."

"அப்ப மற்ற வெள்ளியளில ஏன் மீன் திண்டவர்?"

"அவருக்கு மீன் பிடிக்கும் போல. அதையும் ஆராய்ச்சி செய்யன்."

வெட்கத்தோடு வீட்டுக்கு நடந்தேன். ஒரு வயதான பெண்ணின் மனதை ஒன்றுமில்லாத ஒன்றுக்காகப் புண்படுத்தியிருக்கிறேன். வள்ளத்தின் நிறத்தை வைத்து எங்களைப் பொய்யராக்கிய அதிகாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் வழக்கு முடிந்த பிறகு நாங்கள் இங்கே கூப்பிட்டுக்கொண்ட அம்மா, எனக்கு முதலே கோயிலால் வந்துவிட்டார். சமையலறையில் தமிழ்க் கடைக்காரர் தந்த நாட்காட்டி தொங்கியது. அதன் முன்னால் பென்சிலோடு நின்று, ஒவ்வொரு நாளாகத் தேடிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்து, பார்த்ததாலேயே கவனிக்காமல் விட்டது.

"அம்மா, உதென்ன கீறுறியள்?"

"உனக்குத் தெரியாதே? என்ரை பாவக் கணக்கு. எழுதத் தெரிஞ்சால் எழுதியிருப்பன். பிழை செய்த நாளில ஒரு புள்ளடி. சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் சொன்னாப் பிறகு ஒரு கோடு. இந்தா, இது உன்ரை அண்ணையை ஏசினது. இது பக்கத்து வீட்டுக்காரியிட்டை வீட்டில கறிவேப்பிலை இல்லையெண்டு சொன்னது."

"சொல்ல மறந்தால்?"

"மறந்தால் அடுத்த கிழமை."

"சொல்ல விருப்பமில்லையெண்டால்?"

அம்மா பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அது கோடில்லாமல் கிடக்கும். அது கிடக்கும் மட்டும் நன்மை வாங்கப் போகேலாது. என்னடா, என்ன செய்து போட்டாய்?"

பூசையில் குரு தரும் நற்கருணை அப்பத்தைத்தான் அம்மா நன்மை என்பார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னதை அவர் அன்று நம்பவில்லை.

திங்கட்கிழமை முதல் கொப்பியிலிருந்து தொடங்கினேன். இந்த முறை புள்ளடிகளை மட்டும் பார்த்தேன். சாரதி மேல் எரிந்து விழுந்த நாள், புள்ளடி. தூதுவரின் மனைவியிடம் தலையிடி என்று பொய் சொல்லி விருந்துக்குப் போகாத நாள், புள்ளடி. சகோதரனின் கடிதத்தைத் திறக்காமல் எரித்த நாள், புள்ளடி. எல்லாவற்றின் மேலும் கோடு. கோடு விழுந்த புள்ளடிகளுக்குப் பிறகு எப்போதும் ஒரு சனிக்கிழமை, பாவசங்கீர்த்தன நாள், வந்தது, அதில் "ஆறு மணிக்குக் கோயில்" என்று இருந்தது. இது அச்சிட வந்தவர் போட்ட அடையாளம் இல்லை. எழுத்தறியாத என் அம்மா செய்வதையே எழுதிக் குவித்த ஓர் அமைச்சரும் செய்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் ஒரு புள்ளடி இருந்தது. மெல்லியது, சரித்துப் பிடித்தால்தான் தெரியும். "நான் கையெழுத்து வைக்கவில்லை" என்ற வரிக்கு நேரே. அதன் மேல் கோடு இல்லை. அடுத்த சனிக்கிழமை "கோயில்" இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. மிச்சம் ஏழு கொப்பியிலும் ஒரு புள்ளடிகூட இல்லை.

மதாம் லஷான்ஸ் நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஆட்டிறைச்சிக்காகவும் இருக்கலாம்," என்றார்.

"ஆட்டுக்கு விலக்கு இருந்தது. அதோடு, ஆட்டுக்காக என்றால் அடுத்த சனி கோடு விழுந்திருக்கும்."

"புள்ளடியை யாரும் போடலாம். மகள் போடலாம். பேரப்பிள்ளை போடலாம்." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நீயும் போடலாம்."

பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். ஒரு வெள்ளைத் துண்டில் புள்ளடி ஒன்று கீறி, அதைப் பக்கத்தின் ஓரத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பதினேழு வயதில் ஒரு மேசைக்கு முன்னால் இருந்தது போல இருந்தது. வள்ளம் என்ன நிறம், தம்பி?

துண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஈயம் வேறு, பழையது," என்றார். "எழுது. பென்சில் புள்ளடி ஒன்று, மேலே கோடு இல்லை. இடப்பக்கத்தில். மற்றதெல்லாம் வலப்பக்கம்." மன்னிப்புக் கேட்கவில்லை. பென்சிலை மட்டும், கூர் என் பக்கம் வராமல் திருப்பித் தந்தார். வருடக் கடைசியில் நிரந்தரக் கடிதமும் வந்தது.

புள்ளடியைப் பதிந்த அந்த மாதமே மதாம் இரேன் நன்கொடைப் பத்திரத்தில் ஒப்பமிட வந்தார். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பமிட்ட பிறகு, வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் பிரதி வேண்டும், முத்திரையோடு வேண்டும் என்றார்.

பிரதி எடுத்தேன். நான் பயந்தது நடந்தது. எழுத்து அத்தனையும் கறுப்பாக விழுந்திருந்தது, மெல்லிய பென்சில் விழவில்லை. தாளில் அமைச்சர் கையெழுத்து வைக்காமல் எழுந்து போகிறார், ஓரம் வெள்ளையாக இருக்கிறது. முத்திரை குத்திக் கொடுத்தால் என் வேலை சரியாக முடியும், எந்த விதியும் மீறப்படாது. அந்தத் தாள் செயின்ட்-மிஷேலுக்குப் போகும். கிழவி நம்புவார்.

முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "மதாம், ஆட்டிறைச்சி விடயத்தில் நான் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பிரதியில் இல்லாத ஒன்று பக்கத்தில் இருக்கிறது."

மூலத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்துக்குச் சரித்துக் காட்டினேன். மற்றப் பக்கங்களின் புள்ளடிகளையும், அவற்றின் மேல் கோடுகளையும், சனிக்கிழமைகளையும் காட்டினேன். இது என் நினைப்பு, நிரூபணம் இல்லை என்றும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை ஓரத்துக்குக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இங்கே வந்த பிறகு ஒரு ஞாயிறு பூசையும் விட்டதில்லை," என்றார். "நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போவோம். அவர் மட்டும் வாங்கை விட்டு எழாமல் இருப்பார். முழங்கால் வலி என்பார். இருபது வருடமும் அதைத்தான் சொன்னார்."

விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"பூசை முடிந்து பனிக்குள் வீட்டுக்கு நடக்கும்போது, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் போவார்."

பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். மேசையில் இருந்த பென்சில்களில் ஒன்றை எடுத்து, வெள்ளை ஓரத்தில், சரியாக அந்த வரிக்கு நேரே, ஒரு புள்ளடி கீறினார். "இப்போது முத்திரை குத்துங்கள்," என்றார். குத்தினேன்.

பிறகு நாலைந்து வருடம் அவரைக் காணவில்லை. நான் இருமத் தொடங்கியிருந்த கடைசிக் காலத்தில் ஒரு பிற்பகல், தடியோடு வாசிப்பு மண்டபத்துக்கு வந்தார். நாலாவது கொப்பியைக் கேட்டார். மண்டபத்தில் அவரும் நானும்தான். கொப்பியைத் தாங்கியில் வைத்து விரித்துக் கொடுத்தேன்.

"அந்தப் பிரதியைத் தபாலில் போட மனம் வரவில்லை," என்றார். "கையில் கொண்டு போக வருடங்கள் எடுத்தது. போன கிழமைதான் செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். மூன்று மாடிப் படி. அவருக்கு என்னைவிட வயது கூட. முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். இறைச்சி என்ற இடத்தில் நிறுத்தினார். அன்றைக்கு முகாமில் எங்களுக்கு உருளைக்கிழங்குத் தோல் என்றார். பிறகு, புள்ளடி என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் கையெழுத்து வைத்தாரா என்றார். எனக்குத் தெரியாது, ஆனால் என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்றேன்."

"அதற்கு என்ன சொன்னார்?"

"கோப்பி போட்டுத் தந்தார். குடித்தேன். வருகிற வருடம் கடிதம் எழுத மாட்டேன் என்றார்."

அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலக்கைக்குப் பக்கத்தில் பென்சில்கள் இருந்தன. வாசகரை ஒரு கணமும் கண்ணிலிருந்து விடாதே என்பது மண்டபத்தின் முதல் விதி. மதாம் லஷான்ஸ் அந்த விதியைச் சொல்லாமல் எங்களை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. எனக்கு இருமல் வந்தது. இருமல் உண்மையாகவே வந்தது. அதை மண்டபத்துக்குள் இருந்தே இருமியிருக்கலாம். நான் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், தண்ணீர் குடித்து, கோப்பையைக் கழுவி, துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

கொப்பி மூடியிருந்தது. பென்சில் ஒன்று அதற்குப் பக்கத்தில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

"மெர்சி, மெசியே சூசை," என்றார் மதாம் இரேன்.

திரும்பி வரும் எந்தக் கொப்பியையும் பக்கம் பக்கமாகச் சரிபார்க்காமல் நான் பெட்டிக்குள் வைத்ததில்லை. அன்று வைத்தேன். போன மாரியில் அவர் காலமானார்.

நிவேதா, நான் பட்டியலில் எழுதியது எழுதிய நாளில் சரி. திருத்தாதே. அதன் கீழே, இடப்பக்கத்தில், இப்படிச் சேர்த்துக்கொள்: புள்ளடியின் மேல் கோடு ஒன்று, பென்சில், பிந்தியது. யார் கீறியது என்று புது மேடம் கேட்டால், மண்டபத்தில் கடமையில் இருந்தவர் இடத்தை விட்டு எழுந்து போனார், அதனால் பார்க்கவில்லை என்று எழுது. கடமையில் இருந்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை முழுமையாக எழுது.